தொய்வுக்காரர் வீட்டில் அறிந்திருக்க வேண்டியவை

மார்கழிப் பனியில், பின்னிரவு வேளையில், வீட்டிலொருவர் மூச்சு முட்டி எழுந்து குந்தியிருந்து படும் அவதியைக் கண்டவர்களுக்குத் தலைமாட்டில் இருக்கும் அச்சிறு மருந்துக் குழாயின் அருமை நன்கு தெரியும். அதனுள் இருப்பது பெரும்பாலும் சல்பியூட்டமோல் என்னும் மருந்தாகும். 1969ஆம் ஆண்டு பாவனைக்கு வந்த இம்மருந்து, சுருங்கிய சுவாசக் குழாய்களின் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தி, 4 முதல் 6 மணித்தியாலம் வரை ஆறுதல் தரும்.

எனினும், சுவாசக் குழாயைத் தளர்த்தும் மருந்து அங்கு மட்டும் நின்றுவிடுவதில்லை. கைவிரல் நடுங்குதல், நெஞ்சு படபடத்தல், தலையிடி முதலியன சிலருக்கு உண்டாகும். இவை பெரும்பாலும் சற்று நேரத்தில் தாமே தணிந்துவிடும். நடுக்கத்துக்கு அஞ்சி, மூச்சுத் திணறும் வேளையில் மருந்தை ஒதுக்குவது பெரும் பிழை.

அளவு மிஞ்சினால் இரத்தத்திலுள்ள பொற்றாசியம் குறையும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, தியோபிலின், ஸ்டெரோயிட் மாத்திரை ஆகியவற்றை உட்கொள்வோருக்கு இக்குறைவு அதிகமாகலாம். இருதயத்துக்காக டிகொக்சின் எடுப்போருக்கு இதனால் நாடித்துடிப்பு நிலைதவறவுங் கூடும்.

இரத்த அழுத்தத்துக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் புரொப்பிரனலோல் போன்ற மாத்திரைகளோ, இம்மருந்தின் வேலையைத் தடுத்து, தொய்வையும் தூண்டிவிடும். கண்ணழுத்த நோய்க்கு விடும் டிமோலோல் துளிமருந்தும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கண்ணில் விடும் துளிதானே என்று பலர் அதனை வைத்தியரிடம் சொல்வதில்லை. அத்துளியோ கண்ணீர் வழியாக மூக்கினுட் சென்று இரத்தத்திற் கலந்துவிடும். பாட்டியாருக்குத் தொய்வுண்டு என்பதைக் கண் வைத்தியருக்கும் சொல்லுதல் வீட்டாரின் கடமையாகும்.

மற்றுமொன்று: குழாயை அடிக்கடி நாட வேண்டியிருப்பின், நோய் முற்றுகிறதென்பதே பொருள். இம்மருந்து குழாய்களைத் தளர்த்துமேயன்றி, அவற்றின் உள்ளழற்சியை ஆற்றாது. ஆதலாற்றான், வளர்ந்தோருக்கும் பதின்ம வயதினருக்கும் இதனை மட்டுமே தனித்துக் கொடுத்தலாகாது, மூச்சுடன் உள்ளிழுக்கும் ஸ்டெரோயிட் மருந்தும் சேர்தல் வேண்டுமென 2019 முதல் சர்வதேச வழிகாட்டி நூல்கள் கூறுகின்றன.

வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை, பாணி, கண்துளி யாவற்றையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டு சென்று காட்டுங்கள். மருந்தெடுத்தும் ஆறுதல் கிட்டாது, பேசவும் இயலாமல் மூச்சு முட்டுமாயின், விடியட்டும் என்று காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.