ஆக்சிலரேட்டரை மிதிச்சாலும் கார் வேகம் எடுக்கலையா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 'ஸ்லிப்' ஆவது ஏன்... சரிசெய்வது எப்படி?

மேம்பாலம் ஏறுகிறீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் எகிறுகிறது, ஆர்.பி.எம். முள் 4,000-ஐ தொடுகிறது. ஆனா கார் மட்டும் அதே வேகத்திலேயே ஊர்கிறது. பின்னாடி லாரி ஹாரன் அடிக்கிறது. இதைத்தான் கியர்பாக்ஸ் 'ஸ்லிப்' ஆகிறது என்கிறார்கள் மெக்கானிக்குகள்.

ஒர்க்‌ஷாப் போனால், "கியர்பாக்ஸ் போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வரலாம். செலவு லட்சத்தைத் தாண்டவும் வாய்ப்புண்டு. ஆனால், எல்லா ஸ்லிப்புக்கும் கியர்பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை. செலவு குறைந்த சோதனையில் இருந்து தொடங்கணும் என்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வி: உங்க காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

இந்தியாவில் ஓடும் ஆட்டோமேட்டிக் கார்களில் முக்கியமாக 4 வகைகள் உண்டு. வகையைப் பொறுத்து நோயும் மாறும், மருந்தும் மாறும்.

ஏ.எம்.டி.: 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இங்கே பரவலான வகை இது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. இதில் ஸ்லிப் வந்தால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். கிளட்ச் செட்டை மாற்றி, ஸ்கேனர் மூலம் செட்டிங்கை சரிசெய்தால் போதும்.

டார்க் கன்வெர்ட்டர்: இதில் ஆயில்தான் உயிர். உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதே அந்த ஆயிலின் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் பிடி நழுவும்.

சி.வி.டி.: பெல்ட்டும் புல்லியும் கொண்டது. ஓங்கி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலிலும் வேகம் சற்று தாமதமாகவும் வருவது இதன் இயல்பு. அதை ஸ்லிப் என நினைத்து பயப்பட வேண்டாம். ஒரே அளவில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்கினாலோ, வண்டி உதறினாலோதான் சந்தேகப்படணும்.

டி.சி.டி.: இரண்டு கிளட்ச் கொண்டது. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகி எச்சரிக்கை காட்டும். நிறுத்தி ஆறவிடுங்கள். அடிக்கடி வந்தால் கிளட்ச்சை சோதிக்கணும்.

அறிகுறிகள் என்னென்ன?

* 'டி' அல்லது 'ஆர்' போட்டதும் வண்டி நகர சில நொடிகள் தாமதம்
* கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் திடீரென அலறுவது
* மேடு ஏறும்போது இழுவை இல்லாமல் போவது
* கருகிய வாடை, டாஷ்போர்டில் வார்னிங் லைட்

ஆயில் சொல்லும் உண்மை

டார்க் கன்வெர்ட்டர் வகையில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவு. எஞ்சின் ஆயில் போல இது எரிந்து குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இரவில் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எண்ணெய்க் கறை இருந்தால் கசிவு உறுதி. வெறும் தண்ணீர் என்றால் அது ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம்.

புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். டிகாஷன் மாதிரி கருத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கலாம். பல புது கார்களில் ஆயில் பார்க்கும் கேஜ் குச்சியே இருக்காது. லிஃப்டில் ஏற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளக்க முடியும்.

கையில் கிடைத்த ஆயிலை ஊற்றவே கூடாது. மேனுவலில் சொன்ன ரகம் மட்டும்தான். சி.வி.டி.க்கு தனி ஆயில், மாற்றி ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் பாழாகலாம். அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஆயில் நுரைத்து ஸ்லிப் வரும்.

சரிசெய்யும் வரிசை

1. ஸ்கேனர் போட்டு பிழைக் குறியீடு பார்ப்பது. உதாரணமாக, 'பி0730' என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை என்று பொருள்.
2. கசிவை அடைத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது.
3. ஆயில் அழுத்தத்தை அளப்பது. குறைவாக இருந்தால் சொலினாய்டு, வால்வு பாடியை சோதிப்பது.
4. இதிலும் தீராவிட்டால் மட்டுமே கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது.

கிளட்ச் ஏற்கெனவே எரிந்திருந்தால் ஆயில் மாற்றுவதால் மட்டும் தீராது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வழியில் ஸ்லிப் ஆனால்?

இன்னும் ஓங்கி மிதிக்காதீர்கள். சூடு ஏறி சேதம் கூடும். இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பல ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சின் ஓடாமல் சக்கரம் சுழன்றால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது. நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி வராமல் இருக்க...

மேட்டில் சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏ.எம்.டி., டி.சி.டி. கிளட்ச்சுகளை சீக்கிரம் தேய்ப்பது இதுதான். பிரேக்கையோ ஹேண்ட்பிரேக்கையோ பயன்படுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "மாத்தணும்" என்றதும் தலையாட்டாமல் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே? ஆயில் அளவும் நிறமும் எப்படி இருந்துச்சு? அழுத்தம் பார்த்தீங்களா? பதில் இல்லையென்றால், பணம் கட்டும் முன் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.