எண்ணிக்கைக்கு ஆதரவு, பாதுகாப்புக்கு எதிர்ப்பு: பாமகவின் சமூகநீதி எங்கே நின்றுவிடுகிறது?

திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்திலிருந்து வெளிவரும் அறிக்கைகள் விழுப்புரம் வட்டார அரசியலை மட்டுமல்ல, நாடாளுமன்றத்தில் பாட்டாளி மக்கள் கட்சி எழுப்பிய குரலையும் நெடுங்காலம் தீர்மானித்தன. நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் தேர்தலில் நின்றதில்லை. அவர் மகன் அன்புமணி 2014 முதல் 2019 வரை தருமபுரி மக்களவை உறுப்பினராகவும், அடுத்து 2025 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். அம்பேத்கர், பெரியார், மார்க்ஸ் ஆகியோரை வழிகாட்டிகளாக அறிவித்துக்கொண்ட ஒரு கட்சியைப் பழமைவாதக் கட்சி எனலாமா? அதன் தேசியக் கொள்கைகளைத் தனித்தனியே பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சாதிவாரிக் கணக்கெடுப்பு

1931-க்குப் பிறகு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர்த்த ஏனைய சாதிகளின் முழு எண்ணிக்கை நாடு தழுவிய அளவில் வெளியிடப்படவில்லை. அதை எடுக்க வேண்டும் என்பது பாமகவின் நெடுநாள் கோரிக்கை. 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழுவும் இதற்கு இசைந்தது. இக்கோரிக்கையில் நமக்கு மாறுபாடு இல்லை.

குடியுரிமை

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என நிறைவேறியது. அன்புமணி ஆதரித்து வாக்களித்தார். இச்சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வாழும் ஈழத் தமிழ் ஏதிலியருக்கு இதனால் எப்பயனும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதமே ராமதாஸ் தலித் அல்லாத சாதி அமைப்புகளின் தலைவர்களைக் கூட்டினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, அதைத் திருத்த வேண்டும் என்பது அவர் முன்வைத்த கோரிக்கை.

இவ்வாதத்தின் பெரிய சான்று, விடுதலையாகும் வழக்குகள். ஆனால் விடுதலை என்பதற்குப் பொய்வழக்கு என்று பொருளில்லை. சாட்சி சொல்பவர் மறுநாள் எதிரியின் நிலத்துக்கே கூலிக்குப் போக வேண்டியவராக இருந்தால், அவர் பிறழ்வதில் வியப்பென்ன? 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றமும் இச்சட்டத்தின்கீழ் உடனடிக் கைதுக்குத் தடைகள் விதித்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமே தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. பட்டியல் சாதியினர் ஒரு வகுப்பாகச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அனுமானிக்க முடியாது என்றும் கூறியது.

இச்சட்டத்துக்கு இன்று தேவை 15ஏ பிரிவை நடைமுறைப்படுத்துவதே. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, பிணை மனுவில் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்பது ஆகியவற்றை அப்பிரிவு உரிமைகளாக்குகிறது. மாணவர்கள் அவசியம் படித்திருக்க வேண்டிய பிரிவு இது.

பெற்றோர் ஒப்புதல்

21 வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணத்துக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் ராமதாஸ் வலியுறுத்தியுள்ளார். 18 வயதில் வாக்களிக்கவும் சொத்தை விற்கவும் தகுதி பெறும் பெண்ணுக்குத் துணையைத் தேர்ந்தெடுக்க மட்டும் தகுதியில்லையா? வயது வந்த இருவரின் சம்மதமே போதும், குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டுச் சூழலில் பெற்றோர் ஒப்புதல் என்பது பெரும்பாலும் சாதியின் ஒப்புதலாகவே முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

இட ஒதுக்கீட்டுக்கும் கணக்கெடுப்புக்கும் குரல் கொடுக்கும் இக்கட்சியின் சமூகநீதி, தலித்தின் உயிர்ப் பாதுகாப்பும் பெண்ணின் தெரிவும் பேசுபொருளாகும்போது நின்றுவிடுகிறது. அதன் பழமைவாதம் இருப்பது அங்கேதான்.

விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள். அங்கே வாக்கு கேட்டு வரும் எக்கட்சி வேட்பாளரிடமும் இரண்டு கேள்விகள் போதும்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இப்போதுள்ள வடிவில் காப்பீர்களா? ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்துக்கு வாக்களிப்பீர்களா? விடையை எழுத்தில் கேட்டு வாங்குவோம்.