நலம் பெற்றதை எதைக் கொண்டு அளப்பது?

மனநல சிகிச்சையில் ஒருவர் தேறி வருகிறாரா என்பதைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் வினாத்தாள் கொண்டு மதிப்பிடும் முறை முன்னேற்றக் கண்காணிப்பு எனப்படுகிறது. உலகெங்கும் கையாளப்படும் பி.ஹெச்.க்யூ-9 என்னும் தாளில், கடந்த இரு வாரங்களின் சோர்வு, உறக்கம், பசி முதலியவற்றைப் பற்றிய ஒன்பது கேள்விகளுக்குத் தனிமனிதர் தாமே 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார், அதிகபட்ச மொத்தம் 27.

தன் மனநிலையைத் தானே எடைபோட்டுச் சொல்லும் வழக்கமுள்ள சூழலில் வளர்ந்த ஆலோசகருக்கு இவ்வெண் போதுமான சான்றாகப் படலாம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரைப் போன்ற, வெற்றிலைக் கொடிக்கால் வேலையே பலருக்குப் பிழைப்பாக இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்த ஆலோசகர், மருத்துவர் முன் மரியாதை கருதிச் சொல்லப்படும் "இப்போ பரவாயில்லைங்க" என்ற விடையை அப்படியே ஏற்கத் தயங்கி, நோயாளி வேலைக்குப் போகிறாரா, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தாரா என்று உடன் வந்தவரிடமும் விசாரிப்பார்.

இந்த உள்ளூர்ப் பார்வைக்கு அளவுகோல் வடிவம் தந்த முயற்சி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளுக்கென உருவாக்கிய சமூகச் செயல்பாட்டுக் குறியீட்டில், தன்னைப் பேணுதல், தொழில், குடும்பத்தில் வகிக்கும் பங்கு, பிற சமூகப் பங்குகள் ஆகியவை தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. மகளாகவோ தகப்பனாகவோ ஒருவர் மீண்டும் நடமாடுவதை மருத்துவச் சான்றாக ஏற்றது பெரிதும் போற்றத்தக்கது.

எனினும் குடும்பம் சொல்வதை மட்டும் நம்பினால், ஓசையின்றி வீட்டுவேலை செய்யும் பெண்ணின் துயரம் "நல்லா இருக்கா" என்ற விடையில் மறைந்துபோகக்கூடும். அவளைத் தனியே அமர்த்தி அந்த ஒன்பது கேள்விகளையும் கேட்பது அங்கேதான் இன்றியமையாததாகிறது.