தாளில் ஏறாத பதக்கங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இராணுவப் பணி முடித்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அதன் பெயர் டி.டி. 214. 1950ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருப்பது; அதற்கு முன் வேறு படிவங்கள் இருந்தன. பணியில் சேர்ந்த நாள், விடுபட்ட நாள், இருந்த படைப்பிரிவு, கண்ட போர்முனைகள், பெற்ற பதக்கங்கள் யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். நம் பங்கு ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயரின் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால், கல்யாண ஓலை வாசிக்கும் சமயத்தில் எத்தனை அலைச்சல்! அந்நாட்டு முன்னாள் வீரருக்கும் அவர் குடும்பத்திற்கும் அந்தத் தாள் அத்தகையது.

அதில் ஒரு பதக்கம் விடுபட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பகைவர் கையால் காயமுற்றவருக்கு வழங்கப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அது பதிவில் இருந்தால், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சேர்க்கை வரிசையில் அவருக்கு முன்னுரிமை உண்டு. அரசு செலவில் நாட்டப்படும் கல்லறைக் கல்லிலும் அதனைப் பொறிக்கலாம். பதிவில் இல்லையெனில், உடலில் குண்டுத் தழும்பு இருந்தும் பயனில்லை. சான்று கேட்கும் அலுவலருக்குத் தழும்பு போதாது, தாள் வேண்டும்.

ஒருவர் உண்மையாகவே ஈட்டிய பதக்கம் பதிவில் ஏறாமற் போவது எப்படி? முதற் காரணம் அவசரம். 1945இல் ஐரோப்பியப் போர் முடிந்ததும் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க அமெரிக்கத் தரைப்படை ஒரு புள்ளிக் கணக்கு வைத்தது. பணியில் இருந்த மாதம் ஒன்றுக்கு 1 புள்ளி. கடல் கடந்து இருந்த மாதத்திற்கு மேலும் 1. பதக்கமோ போர்முனை நட்சத்திரமோ ஒன்றுக்கு 5. பிள்ளை ஒன்றுக்கு 12, மூன்று பிள்ளைகள் வரை. 85 புள்ளி சேர்ந்தவர் ஊர் திரும்பலாம். ஆகவே பதக்கத்தின் அருமை வீரர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் மாதந்தோறும் இலட்சக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டபோது, தட்டச்சு செய்த எழுத்தர் எதை விட்டார் என்று நின்று சரிபார்த்தவர் எத்தனை பேர்? வாசலில் தாயும் மனைவியும் காத்திருக்கையில், கையெழுத்திட்டுப் புறப்படவே எவரும் விரும்புவர்.

இரண்டாவது காரணம் சற்று வேடிக்கையானது. வீரர் வீடு திரும்பிய பிறகே சில விருதுகள் அவருக்கு உரியவை ஆயின! இரண்டாம் உலகப் போரில் போர்க்களக் காலாட்படைச் சின்னமோ போர்க்கள மருத்துவச் சின்னமோ பெற்றவர்கள் 'வெண்கல நட்சத்திரம்' என்னும் பதக்கத்திற்கும் தகுதியுடையவர் என 1947இல் முடிவாயிற்று. அப்போது அவர்களிற் பெரும்பாலோர் வயலிலும் ஆலையிலும் வேலைக்குத் திரும்பிவிட்டனர். தனக்கு அப்படியொரு பதக்கம் உண்டு என்பதை அறியாமலே கண்மூடியோர் பலர். போர்க் கைதிகளாய் இருந்தோர்க்கான பதக்கம் 1985இல் சட்டமாயிற்று. 1917 ஏப்ரல் முதல் சிறைப்பட்டோர் அனைவருக்கும் அது பின்னோக்கிப் பொருந்தியது. கொரியப் போரில் பங்கு கொண்டோர்க்குத் தென் கொரிய அரசு 1951லேயே ஒரு பதக்கம் வழங்க முன்வந்தது. அமெரிக்க அரசு அதனை ஏற்றுக்கொண்டதோ 1999இல்! நாற்பத்தெட்டு ஆண்டுகள். 1953இல் தட்டச்சிட்ட தாளில் அது எவ்வாறு இருக்கும்?

மூன்றாவது காரணம் தீ.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாந்து என்னுமிடத்தில், இராணுவப் பணியாளர் பதிவேடுகளைக் காக்கும் தேசிய நிலையம் இருந்தது. 1973 ஜூலை 12ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அதன் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. கோப்புகள் அடுக்கியிருந்த கூடங்களில் தீயைத் தடுக்கும் குறுக்குச் சுவர்களும் இல்லை. தானே நீர் தெளிக்கும் கருவிகளும் இல்லை. நான்கு நாட்களுக்கு மேல் புகைந்தது. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான வீரர்களின் கோப்புகள் சாம்பலாயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் பதிவுகளில் நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. விமானப் படையில், 1947 முதல் 1964 தொடக்கம் வரை விடுபட்டோரின் பதிவுகளில் நூற்றுக்கு 75 பங்கு. அதிலும் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அகர வரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வரும் விமானப் படையினரின் கோப்புகளே எரிந்தன. எழுத்து வரிசையில் முன் நின்றவர் தப்பினார். பின் நின்றவர் இழந்தார்.

அக்கோப்புகளுக்கு நகல் இல்லை. நுண்படச் சுருளும் எடுக்கப்படவில்லை. எவருடைய கோப்பு இருந்தது என்பதற்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை. கோடிக்கணக்கான மனிதரின் இளமையை ஒரே கூரையின் கீழ் அடுக்கிவிட்டு, அக்கூரைக்கு ஒரு பாதுகாப்பும் செய்யாத மெத்தனத்தை என்னவென்று சொல்வது!

தீ தின்னாததை நீர் தின்னத் தொடங்கியது. அணைப்பதற்குப் பாய்ச்சிய நீரில் ஊறிய காகிதக் கட்டுகள் ஜூலை மாத வெப்பத்தில் பூஞ்சணம் பிடிக்கலாயின. அவற்றைப் பெட்டி பெட்டியாக எடுத்துச் சென்று, மக்டானல் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். இவ்வாறு காப்பாற்றப்பட்டவை ஏறத்தாழ 65 இலட்சம். ஓரம் கருகிய அத்தாள்களை, யாரேனும் கேட்டு எழுதும்போது, கையுறை அணிந்த பணியாளர்கள் ஒவ்வொன்றாய்ப் பிரித்துச் செப்பனிடுகிறார்கள்.

எரிந்து போன வாழ்க்கையை மீண்டும் எழுதுவது எவ்வாறு? மனிதர் வேறு எங்கெல்லாம் தம் சுவட்டை விட்டிருக்கிறார் என்று தேடுகிறார்கள். கடைசிச் சம்பளச் சீட்டு ஒன்று. கட்டாயப் படைச்சேர்க்கை அலுவலகத்தின் பதிவு மற்றொன்று. மருத்துவமனை அனுமதிக் குறிப்பு, முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் கோப்பு ஆகியவையும் உதவும். இவையனைத்திலும் சுவையானது படைப்பிரிவுகளின் காலை அறிக்கை. ஒவ்வொரு நாளும் யார் பிரிவை விட்டுச் சென்றார், யார் நோயுற்றார், யார் காயமுற்றார், யார் திரும்பினார் என்று பிரிவின் எழுத்தர் எழுதி வைத்த வரிகள் அவை. எந்த மாதம், எந்தக் கம்பெனி என்று முதியவர் நினைவு கூர்ந்து சொல்லிவிட்டால், சுருளில் ஒரு வரி அகப்படுகிறது. அந்த ஒரு வரியைக் கொண்டு பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்கள் உண்டு.

திருத்தம் கோரும் வழியைச் சுருங்கச் சொல்வோம். எழுத்தர் விட்ட பிழையாயின், வீரரோ நெருங்கிய உறவினரோ பதிவேட்டு நிலையத்திற்கு விண்ணப்பித்தால் போதும். பழைய தாளை அழிப்பதில்லை, டி.டி. 215 என்ற திருத்தத் தாளை அதனுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நெருங்கிய உறவினர் என்போர் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர். பேரப்பிள்ளைகள் அப்பட்டியலில் இல்லை! தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்த்து ஆவலோடு எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாமே. எனினும் விடுபட்டு 62 ஆண்டுகள் கடந்த கோப்பு எவரும் கட்டணம் செலுத்திக் காணத்தக்க ஆவணமாகிவிடுகிறது.

நிலையம் மறுத்தால், இராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம் உண்டு. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அதற்கு முன் ஒருவர் பதிவைத் திருத்த அமெரிக்கக் காங்கிரசில் அவர் பெயருக்கென்றே தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்ததாம்! வாரிய உறுப்பினர்கள் சீருடை அணியாத குடிமக்கள். பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; நீதி கருதி அவ்வரம்பைத் தளர்த்த வாரியத்திற்கு உரிமை உண்டு. பதிவில் உள்ளது சரியே என்று தொடங்குவது அவர்கள் முறை. தவறு என்று மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர்மீது. பொய்ப் பதக்கம் அணிந்து திரிவோரும் உலகில் இருப்பதால் இக்கண்டிப்பைக் குறை கூற இயலாது. ஆனால் அரசின் கட்டடத்தில் அரசின் காவலில் எரிந்த தாளுக்குத் தொண்ணூறு வயதுக் கிழவரிடம் சான்று கேட்பது நியாயத்தின் முழு உருவம் என்று நாம் ஒப்ப மாட்டோம்.

இவ்வாரியத்தின் வரலாற்றில் மறக்கவொண்ணாதவர் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர். உள்நாட்டுப் போரில் காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்து, பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டவர். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'மெடல் ஆப் ஹானர்' 1865இல் அவருக்குக் கிடைத்தது. 1917இல் பழைய விருதுகளை ஆராய்ந்த குழு 911 பேரின் பெயர்களை நீக்கியபோது அவர் பெயரும் நீங்கியது. அம்மையாரோ பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1919இல் சாகும்வரை மார்பில் அணிந்தே நடமாடினார். 1977இல் விருது அவருக்கு மீட்டளிக்கப்பட்டது.

பரிந்துரைத் தாளே தொலைந்து போனால்? கேப்டன் பாரிஸ் டேவிஸ் என்ற கறுப்பின அதிகாரி 1965 ஜூன் மாதம் வியட்நாமின் போங் சான் பகுதியில், தாமே காயமுற்ற நிலையிலும், வீழ்ந்து கிடந்த தம் தோழர்களை மீட்டார். உயர் விருதுக்கு மேலதிகாரி அனுப்பிய பரிந்துரை காணாமற் போயிற்று. 1969இல் விசாரணை நடந்து மீண்டும் அனுப்பச் சொன்னார்கள். அதுவும் போன இடம் தெரியவில்லை. தோழர்கள் விடவில்லை. 2023 மார்ச் 3ஆம் நாள், தம் 83ஆம் வயதில், ஜனாதிபதி பைடன் கையால் அவர் அவ்விருதைப் பெற்றார். நிறம் இதில் குறுக்கே நின்றதா என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்லலாம்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கறுப்பின வீரர் ஒருவருக்கும் அவ்விருது வழங்கப்படவில்லை. 1997இல் எழுவருக்கு வழங்கியபோது உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே.

நம் வாசகர்கள் அருட்தந்தை எமில் கப்பானை அறிந்திருக்கக்கூடும். கான்சாஸ் மாநிலத்தின் பில்சன் என்ற சிற்றூரில் 1916இல் உழவர் குடியிற் பிறந்தவர். 1940இல் குருப்பட்டம் பெற்றார். படையின் ஆன்ம குருவாக முதலில் இந்திய-பர்மா போர்முனையிலும், பின்னர் கொரியாவிலும் பணிபுரிந்தார். 1950 நவம்பர் தொடக்கத்தில் உன்சான் போரில், பின்வாங்க வழியிருந்தும் காயமுற்றோருடன் தங்கிச் சிறைப்பட்டார். பள்ளத்தில் கிடந்த மில்லர் என்னும் சார்ஜென்டைச் சுடத் துப்பாக்கியை நீட்டிய சீன வீரனைக் கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, காயமுற்றவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முகாமில் பசியிலும் குளிரிலும் பிறருக்கு உணவு தேடித் தந்து, 1951 மே 23ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் இறந்தபின் வழங்கப்பட்டது அதற்கு அடுத்த நிலை விருது. 1953இல் விடுதலையாகி வந்த கைதிகளோ, கத்தோலிக்கரும் அல்லாதாரும், இது போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யூத வீரர் ஒருவர் அவரைக் கண்டதேயில்லை. கேள்விப்பட்டதைக் கொண்டே முகாமில் கிடைத்த மரத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கினார். காலவரம்பு கடந்துவிட்டதால் காங்கிரஸ் தனி அனுமதி தர நேர்ந்தது. 2013 ஏப்ரல் 11ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா அவ்விருதைத் தந்தையின் சகோதரர் மகனிடம் ஒப்படைத்தார். அவையில் மில்லரும் அமர்ந்திருந்தார்.

அவர் உடல் எங்கே என்பது அன்றும் தெரியவில்லை. ஹவாய்த் தீவின் தேசியக் கல்லறையில் பெயரறியாதோர் நடுவில் புதைக்கப்பட்டிருந்த எலும்புகள் அவருடையவை என 2021 மார்ச்சில் உறுதியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் திருப்பலிக்குப் பின் விச்சிட்டா நகரின் பேராலயத்தில், சொந்தப் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டார்.