பயிர்களைத் தாக்கும் வைரஸ்: தாவரப் புரதங்கள் தடுப்பது எப்படி?

பச்சைப்பயறு, உளுந்துச் செடிகளின் இளம் இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் தோன்றுவது மஞ்சள் தேமல் நோயின் அறிகுறியாகும். நோயுற்ற செடிகளில் காய்கள் குறைவாகவே பிடிக்கும். பிடித்த காய்களும் சிறுத்துவிடும். பூஞ்சாண நோய்களுக்கு மருந்து உண்டு. ஆனால், செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை அழிக்கும் மருந்து விவசாயிகளிடம் இல்லை.

எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை விதைப்பது, நோயுற்ற செடிகளை அகற்றுவது, நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களைக் கட்டுப்படுத்துவது ஆகியவையே நடைமுறையில் உள்ள வழிகள். பூச்சிக்கொல்லி கொல்வதற்கு முன்பே ஈ வைரஸைச் செடிக்குள் செலுத்திவிடக்கூடும். தொடர்ந்து தெளித்தால் மருந்தைத் தாங்கும் திறனையும் ஈக்கள் பெற்றுவிடுகின்றன. இந்நிலையில்தான் தாவரங்களில் இயற்கையாக உள்ள புரதங்கள் மீது ஆய்வாளர்கள் கவனம் செலுத்தி வருகின்றனர்.

எவ்வாறு செயல்படுகின்றன?

வைரஸால் தானாகப் பெருக இயலாது. தனக்குத் தேவையான புரதங்களைத் தயாரிக்க, செடியின் செல்களில் உள்ள ரைபோசோம்களையே அது பயன்படுத்திக்கொள்கிறது. சில தாவரங்களில் உள்ள புரதங்கள் இந்த ரைபோசோம்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இதனால் பாதிக்கப்பட்ட செல் இறந்தாலும், வைரஸ் அங்கேயே முடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் வளரும் போக்வீட் என்ற செடியின் சாறு புகையிலைத் தேமல் வைரஸைத் தடுப்பது 1925-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டது. இதற்குக் காரணமான புரதம் பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது.

மூக்கிரட்டை வேரின் ஆற்றல்

இந்தியாவில், மூக்கிரட்டை வேரின் சாற்றுக்கு வைரஸ் எதிர்ப்பு ஆற்றல் இருப்பதை லக்னோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்டனர். சங்கங்குப்பி இலை, அந்திமந்தாரை, காகிதப்பூ ஆகியவற்றிலும் இத்தகைய புரதங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இவற்றுள் சிலவற்றுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கீழ் இலைகளில் தெளித்தால், தெளிக்கப்படாத மேல் இலைகளும் எதிர்ப்புத் திறன் பெறுகின்றன. அதாவது, புரதம் நேரடியாக வைரஸைத் தாக்காமல், செடியின் சொந்தப் பாதுகாப்பு அமைப்பைத் தூண்டிவிடுகிறது.

மரபணு வழியும் தடையும்

போக்வீட் புரதத்துக்கான மரபணுவைப் புகையிலை, உருளைக்கிழங்குச் செடிகளில் புகுத்தியபோது, அவை பலவகை வைரஸ்களை எதிர்த்து நின்றதாக 1993-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனினும், புரதம் அதிகமாக உருவான செடிகளில் வளர்ச்சி குன்றியது. வைரஸை முடக்கும் அதே ஆற்றல் செடியையும் பாதித்ததே இதற்குக் காரணம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

இப்புரதங்கள் நோயைக் குணப்படுத்துபவை அல்ல, வருமுன் காப்பவை. இலைகள் மஞ்சளான பிறகு தெளிப்பதால் பெரும் பயன் இராது. இளஞ்செடிப் பருவத்தில், வெள்ளை ஈக்கள் நோயைக் கொண்டுவரும் முன்பே தெளிக்க வேண்டும். பாதுகாப்பு நீடிக்க, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் தெளிப்பதும் அவசியம்.

இயற்கையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ஆமணக்கு விதையில் உள்ள கொடிய நஞ்சான ரைசினும் ரைபோசோம்களைச் செயலிழக்கச் செய்யும் புரதமே. எனவே, ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியாகச் சோதித்து, அளவையும் தெளிக்கும் காலத்தையும் உறுதி செய்த பின்னரே வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதுவரை, எதிர்ப்புத் திறனுள்ள ரகமும், நோயுற்ற செடிகளை உடனே அகற்றுவதுமே விவசாயிகளுக்கு முதல் அரண்.