ஆபத்து வேளையில் வானொலித் தொண்டர்கள்

புயலோ வெள்ளமோ தாக்கிய மறுநாள் கிராமத்திற்கு முதலில் தேவைப்படுவது எது? அரிசி என்பர் சிலர். மருந்து என்பர் வேறு சிலர். இவை வந்து சேர வேண்டுமானால், எவ்வளவு வேண்டும், எவ்வழியே வரலாம் என்ற செய்தி முன்னதாக வெளியே செல்ல வேண்டும். செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும், அதனை இயக்கும் டீசல் தீர்ந்தாலும் அச்செய்தி ஊர் எல்லையைத் தாண்டாது. அவ்வேளையில் உதவுபவர்களே அமெச்சூர் ரேடியோத் தொண்டர்கள். ‘ஹாம்’ என்றும் இவர்களை அழைப்பதுண்டு.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து, உலகெங்குமுள்ள ஹாம் அன்பர்களுடன் பேசி வந்தது. 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று, ஆழிப் பேரலை எழுந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. அக்குழுவினர் நிலையத்தை மீண்டும் இயக்கி, தீவில் இருந்தோரின் நலச் செய்திகளை இந்தியாவின் பிற பகுதிகளுக்கு அனுப்பினர். கருவிகளும் பழகிய கைகளும் முன்பே அங்கிருந்தது தற்செயல். தற்செயலை நம்பி ஊர்கள் இருக்கலாகாது என்பதாலேயே விரைவுத் தொண்டர் குழுக்கள் வேண்டப்படுகின்றன.

இவர்களுடைய சாதனங்கள் எளியவை: 12 வோல்ட் கார் பாட்டரி, சுமார் 100 வாட் சக்தியுள்ள கருவி, செப்புக் கம்பி, கயிறு. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 66 அடிக் கம்பி போதும். அதை இரு தென்னைகளுக்கிடையே கட்டலாம். புயலில் தென்னை விழுந்திருந்தால் பள்ளிக்கூடக் கூரை இருக்கிறது. மிக உயரத்தில் கட்ட வேண்டும் என்பது பலரின் எண்ணம். 20, 25 அடி உயரத்தில் கட்டினால் அலைகள் மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் நூறு இருநூறு மைல் பரப்பில் இறங்கும். குறுக்கே மலை நின்றாலும் தடையில்லை. இரவில் இவ்வலை அண்டை மாவட்டத்தைத் தாண்டிப் போய்விடுவதுண்டு, அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்வர்.

கருவியை வாங்கி எவரும் பேசிவிட இயலாது. மத்திய அரசாங்கத்தின் தேர்வில் தேறி உரிமம் பெறுதல் வேண்டும். ஊரிலுள்ள இளைஞர் இருவரையேனும் அத்தேர்வுக்குத் தூண்டுதல் பஞ்சாயத்தின் பணியாகும்.

செய்தியை எழுதித் தருவதும் பஞ்சாயத்து அங்கத்தினரின் பொறுப்பே. ‘ஊரே மூழ்கிவிட்டது, உடனே வருக’ என்பதைக் கொண்டு தாசில்தார் என்ன செய்வார்? ‘பள்ளியில் 140 பேர், அவருள் கைக்குழந்தைகள் 22, கர்ப்பிணிகள் 2, குடிநீர் நாளைக் காலை வரை, கிழக்குப் பாலம் உடைந்தது, மேற்குச் சாலையில் டிராக்டர் வரும்’ என எழுதி, நேரத்தைக் குறித்துக் கையொப்பமிட வேண்டும். கேட்பவர் அதனைத் திருப்பிச் சொன்ன பின்பே செய்தி சேர்ந்ததாகக் கொள்ளலாம்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒருநாள் ஒத்திகை நடத்துக. பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், கம்பியை எங்கே கட்டலாம், பஞ்சாயத்து அலுவலகச் சாவி எவரிடம் இருக்கிறது என்பனவெல்லாம் அன்று தெரிந்துவிடும்.