கோப்பையின் வாய்

சாதாரண தரத்தில் படிக்கும்போது நான் வரைந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்து, "இதில ஊத்தினா நிக்குமா மகள்?" என்று வாப்பா கேட்டார். கோபத்தில் சில மாதங்கள் பென்சிலையே தொடவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான்.

வாயை அகன்ற நீள்வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்திருந்தேன். மேசை தட்டையானது, ஆகவே அடியும் தட்டை என்று மனம் சொன்னது. கண்ணிடம் நான் கேட்கவில்லை. நேரான கண்ணாடிக் குவளை ஒன்றை உயர்த்திப் பிடியுங்கள். கண்மட்டத்தில் அதன் வாய் வெறும் கோடாகத் தெரியும். கீழே இறக்க இறக்க விரியும். ஆகவே மேசையில் நிற்கும் குவளையில், வாயைவிட அடியின் வளைவே கூடுதலாக விரிந்திருக்கும். எவ்வளவு ஒடுங்கினாலும் நீள்வட்டத்தின் முனைகள் கூராகக் கூடாது.

கோடு வளைவதற்குக் காரணம், நாம் மணிக்கட்டை மட்டும் அசைப்பது. தோளிலிருந்து கையை அசைத்து, தாளைத் தொடாமல் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். (அழிறப்பரை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.) பழைய பத்திரிகைத் தாளே போதும்.

பெட்டிதான் கடினம். பின்னோக்கிச் செல்லும் கிடையான சமாந்தர விளிம்புகள், தாளில் கண்மட்டக் கோட்டிலுள்ள ஒரு புள்ளியை நோக்கி நெருங்கும். இத்தாலியரான அல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில் இதற்கு முறை வகுத்தார். நீண்ட தாழ்வாரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும்: கூரை விளிம்பு கீழிறங்கும், நில விளிம்பு மேலேறும்.

தினமும் பத்துப் பெட்டி போடுகிறேன். சென்ற வாரம் கோப்பையை மீண்டும் வரைந்து வாப்பாவிடம் நீட்டினேன்.

"சீனி போட்டாச்சா?" என்றார்.